முடிவை எழுதும் கை: தொழில்முறை மல்யுத்தத்தில் நட்சத்திரங்களின் திரைமறைவுச் செல்வாக்கு

பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழாவின் நிறைவு நாளன்று காலையில் துரியோதனன் படுகளம் நடக்கும். மண்ணால் செய்த பேருருவத் துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, பீமன், துரியோதனன் வேடம் கட்டிய கூத்தர்கள் அந்த உருவத்தைச் சுற்றிச்சுற்றி மோதுவார்கள். கூடியிருக்கும் ஊரில் முடிவு தெரியாதவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஆனால் அந்த முடிவு எந்தக் கூத்தருக்கும் சொந்தமில்லை. துரியோதன வேடக்காரர் எத்தனை பேர்பெற்றவரானாலும், இந்த ஊரில் நான் விழமாட்டேன் என்று அடம்பிடிக்க முடியாது. பாரதம் அதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது.

அதே ஊர்களின் தொலைக்காட்சிகளில் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட இன்னொரு சண்டையும் ஓடிவந்தது. 2002இல் தொடங்கிய டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசை வழியாக அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. பள்ளிச் சிறுவர்கள் மல்லர்களின் உயரத்தையும் எடையையும் சீட்டுக்கட்டில் வைத்து விளையாடினார்கள். 2021இல் சோனி டென் 4 தமிழுக்கும் தெலுங்குக்குமாகத் தொடங்கப்பட்டது. இரண்டு மொழியும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லையோர ஊருக்கு அது ஏற்ற ஏற்பாடுதான். இந்தச் சண்டையின் முடிவைத் தீர்மானிப்பது இதிகாசமல்ல, மனிதர்கள். மனிதர்களை வற்புறுத்தலாம், மிரட்டலாம், உறவாக்கிக்கொள்ளலாம், ஒப்பந்தத்தால் கட்டிப்போடலாம். அப்படிச் செய்ய முடிந்த நட்சத்திரங்கள் இத்தொழிலை எப்படி வடிவமைத்தார்கள், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதுவரையிலான புரிதல்

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிய அறிவுலகப் பேச்சு பெரும்பாலும் ரோலான் பார்த்திலிருந்து தொடங்குகிறது. 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலின் மல்யுத்தக் கட்டுரையில் அவர் இதை விளையாட்டாக அல்ல, வேதனையும் நீதியும் நிகழ்த்திக்காட்டப்படும் காட்சியாகப் பார்த்தார். ஷரன் மேசர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கின் பயிற்சிக்கூடம் ஒன்றில் மல்லர்களோடு பழகி எழுதப்பட்டது. இந்தியப் பின்னணியில் ஜோசப் ஆல்டரின் 'தி ரெஸ்ட்லர்ஸ் பாடி' (1992) வட இந்திய அக்காடாக்களின் உடலொழுக்கத்தையும் உணவையும் பிரம்மச்சரியத்தையும் ஆராய்ந்தது. மூன்றும் மதிப்புள்ளவை. ஆனால் மூன்றின் கவனமும் பெரும்பாலும் கோதாவிலும் உடலிலும் பார்வையாளரிலுமே நிலைக்கிறது. முடிவு எழுதப்படும் அறை ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

ரசிகர்களின் புரிதல் இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு அந்த அறைதான் எல்லாமே. வயதான நட்சத்திரம் ஒருவர் இளையவர்களை அமுக்கிவைத்தார், அதனால் கம்பெனி அழிந்தது என்பது அவர்களுடைய வழக்கமான கதை. அதில் உண்மை உண்டு. ஆனால் அது கோதாவின் நாயகன்-வில்லன் கணக்கையே திரைக்குப் பின்னும் கொண்டுபோகிறது. ஒரு மல்லர் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடிக்க நேர்கிறது என்று கேட்பதில்லை.

1989 பிப்ரவரியில், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் வின்ஸ் மக்மானின் நிறுவனம் நியூ ஜெர்சி மாகாண செனட்டின் முன் தன் நிகழ்ச்சி போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுக் கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து விலக்குப் பெறுவதே நோக்கம். அதன்பின் யார் வலியவர் என்ற கேள்விக்குச் சட்டப்படியே பொருளில்லை. யாருடைய தோல்வியை யார் எழுதுகிறார் என்பதுதான் மிஞ்சிய ஒரே மெய்யான போட்டி.

தோற்காத தாரா சிங்

இந்தியாவில் இக்கேள்வியைத் தாரா சிங்கிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1928இல் அமிர்தசரஸ் மாவட்டத்தின் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர். இருபது வயதை எட்டும் முன்பே சிங்கப்பூர் போனார். கிரேட் வேர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் நடந்த கட்டணக் காட்சிகளே அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தன. 1954இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம், 1959இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம், 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம். ஹங்கேரியில் வேர்கொண்டு சிங்கப்பூரைத் தளமாக்கிய எமில் சாயா, அதாவது கிங்காங், அவருடைய நிரந்தர எதிரி. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே தாரா சிங்கும் கிங்காங்கும் பலசாலிகளுக்கான பொதுப்பெயர்கள்.

ஐந்நூறு சண்டைகளில் அவர் ஒன்றிலும் தோற்கவில்லை என்பது அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. இதை விளையாட்டுச் சாதனையாகவே இரங்கல் குறிப்புகள் பதிவுசெய்தன. முடிவு பேசிவைக்கப்படும் தொழிலில் தோல்வியே இல்லாத வாழ்க்கை என்பது வேறொன்றின் அளவுகோல். அவரைத் தோற்கடிக்கும்படி எந்த ஏற்பாட்டாளராலும் கேட்க முடியவில்லை, அல்லது கேட்பதில் யாருக்கும் இலாபம் இருக்கவில்லை. இரண்டாவது காரணமே வலுவானது. 1962இன் 'கிங் காங்' இந்திப் படத்துக்குப் பிறகு தாரா சிங் திரைநாயகனும்கூட. திரையில் வெல்பவர் கோதாவில் விழுந்தால் இரண்டு வியாபாரமும் படுக்கும். அவருடைய தம்பி ரந்தாவாவும் மல்லராகவும் நடிகராகவும் அதே வட்டத்தில் இடம்பிடித்தார்.

இதனால் தாரா சிங்கின் வலிமை பொய் என்றாகிவிடாது. தெஸ் பம்பாயில் தோற்றபோது வயது 52. உலகின் மிக மதிக்கப்பட்ட முன்னாள் சாம்பியன்களுள் ஒருவர். பின்னாளில் தன் நினைவு நூலில் தாரா சிங்கை மெய்யான மல்யுத்தம் தெரிந்த, உடலை அருமையாகப் பேணியவராக மதிப்பிட்டு, அவரிடம் தோற்பதில் தனக்குச் சங்கடம் இருக்கவில்லை என்ற பொருளில் எழுதினார். இத்தொழிலின் நாணயமே இந்தச் சம்மதம்தான். ஒருவர் தன் பெயரை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். கொடுக்க விரும்பாதவரிடமிருந்து வாங்குவது கடினம். தெஸ் மனமுவந்து கொடுத்தார்.

சாட்சிகளை எடைபோடுதல்

இங்கே ஆய்வாளருக்கு ஒரு தடை வருகிறது. திரைமறைவு நிகழ்வுகளுக்கான சான்றுகள் பெரும்பாலும் மல்லர்களின் நினைவு நூல்களும் நேர்காணல்களும்தான். கதை சொல்லிப் பிழைத்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது அதிலும் நாயகன் இருப்பான். ஆகவே மூன்று வகைச் சான்றுகளுக்கு மற்றவற்றைவிட அதிக எடை தர வேண்டியிருக்கிறது: சத்தியப் பிரமாணத்தின் கீழ் கொடுத்த வாக்குமூலம், ஒப்பந்த வாசகம், நிகழ்ந்த நேரத்திலேயே பதிவான ஒலி அல்லது படம். நல்வாய்ப்பாக, இத்தொழிலின் முக்கியமான மோதல்கள் சிலவற்றுக்கு இவை கிடைக்கின்றன.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

1997 நவம்பர் 9, மான்ட்ரியால். சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகவிருந்தார். பட்டத்தை ஷான் மைக்கேல்ஸிடம் இழக்க வேண்டும் என்பது மக்மானின் விருப்பம். தன் நாடான கனடாவில், அதுவும் தனக்குத் தோற்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மைக்கேல்ஸிடம், தோற்க ஹார்ட் மறுத்தார். அவருடைய ஒப்பந்தத்தின் கடைசி முப்பது நாட்களுக்குத் தன் பாத்திரத்தின் மீது நியாயமான படைப்புரிமை எழுத்திலேயே இருந்தது. வேறு ஊரில், வேறு நாளில் பட்டத்தை விட அவர் தயார். குழப்பத்தில் ஆட்டம் முடியும் என்று பேசி உள்ளே போனார்கள். மைக்கேல்ஸ் ஹார்ட்டின் காலைப் பூட்டிப் பிடித்த நொடியில், ஹார்ட் சரணடையாமலே, மக்மான் சொல்லி மணி அடிக்கப்பட்டது.

அதே காலத்தில் ஹார்ட்டைப் பற்றி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆவணப்படத்துக்காக, சண்டைக்கு முன் மக்மானுடன் பேசியதை அவர் மறைவான ஒலிவாங்கியில் பதிந்திருந்தார். ஹார்ட்டின் குற்றச்சாட்டை வெறும் புலம்பலாக ஒதுக்க முடியாமல் செய்தது அந்தப் பதிவு. நட்சத்திரத்தின் அதிகாரத்துக்குச் சட்ட வடிவம் இருந்தும், மணி முதலாளியின் கையில்தான் இருந்தது என்பதை மான்ட்ரியால் காட்டியது.

ஹல்க் ஹோகனின் கதை எதிர்த்திசையில் போகிறது. டபிள்யூ.சி.டபிள்யூ. ஒப்பந்தத்தில் அவருக்கும் படைப்புரிமை இருந்தது. 2000 ஜூலை 9 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், சாம்பியன் ஜெஃப் ஜாரெட் ஆட்டம் தொடங்கியதுமே படுத்துவிட்டார். ஹோகன் அவர் மேல் காலை வைத்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு கதைப்பொறுப்பாளர் வின்ஸ் ரூசோ மேடைக்கு வந்து, ஹோகன் தன் ஒப்பந்த உரிமையைக் காட்டித் தோற்க மறுத்தார் என்று பார்வையாளர் முன் போட்டுடைத்தார். ஹோகன் அவதூறு வழக்குப் போட்டார், அது தள்ளுபடியானது. அன்றைய நிகழ்வில் எவ்வளவு முன்கூட்டியே பேசிவைத்தது என்பதில் சம்பந்தப்பட்டவர்களின் கூற்றுகள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

எட்டு மாதங்களில், 2001 மார்ச்சில், அந்நிறுவனம் மக்மானிடம் விற்கப்பட்டது. நட்சத்திரங்களின் சலுகையே அதைக் கொன்றது என்பது பரவலான தீர்ப்பு. அது அவசரத் தீர்ப்பு. தாய் நிறுவனம் ஏ.ஓ.எல். உடன் இணைந்தபின், புதிய நிர்வாகம் தன் அலைவரிசைகளில் மல்யுத்தமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஒளிபரப்பு இல்லாத மல்யுத்த நிறுவனத்துக்கு மதிப்பில்லை. தோற்க மறுத்த நட்சத்திரங்கள் புதிய முகங்கள் உருவாகாமல் தடுத்தார்கள், அதனால் வீடு பலவீனமானது என்பதுவரை சான்றுகள் தாங்கும். வீட்டை விற்றவர்கள் வேறு மாடியில் இருந்தவர்கள்.

நண்பர் குழுவிலிருந்து நிர்வாக நாற்காலிக்கு

1990களின் நடுவில் ஷான் மைக்கேல்ஸ், கெவின் நாஷ், ஸ்காட் ஹால், ஷான் வால்ட்மன், ட்ரிபிள் எச் ஆகிய ஐவர் மக்மானின் காதருகே இருந்த குழு. 1996 மே 19 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பிரிந்துபோகும் நாஷுக்கும் ஹாலுக்கும் விடைகொடுக்க, கதைப்படி பகைவர்களாக இருந்தவர்கள் எல்லாரும் பார்க்கக் கட்டித்தழுவிக்கொண்டார்கள். நாஷும் ஹாலும் போய்விட்டார்கள், மைக்கேல்ஸ் சாம்பியன், தண்டிக்கக்கூடியவர் ட்ரிபிள் எச் மட்டுமே. அவருக்கு எண்ணியிருந்த அந்த ஆண்டின் கிங் ஆஃப் தி ரிங் போட்டித்தொடர் வெற்றி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. தொழிலின் மிகப்பெரிய வருவாய் ஈட்டியவர்களுள் ஒருவர் அப்படித்தான் எழுந்தார். திரைமறைவு அரசியல் எப்போதும் அதை நடத்துபவர் நினைத்த இடத்தில் போய் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தண்டிக்கப்பட்டவர் மீண்டார். 2002 செப்டம்பரில் ட்ரிபிள் எச்சுக்கு உலகப் பட்டம் சண்டையின்றியே கையில் கொடுக்கப்பட்டது. 2003 மார்ச் 30 அன்று, நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவில், கறுப்பின மல்லரான புக்கர் டி-யை இனக்காழ்ப்பு வாடையடிக்கும் சொற்களால் வாரக்கணக்கில் இழிவுபடுத்தியபின் அவரையே தோற்கடித்தார். அத்தகைய கதையில் இழிவுபட்டவர் வெல்வதே பார்வையாளர் எதிர்பார்க்கும் நியாயம். பார்த் விவரித்த நீதிக்காட்சி அங்கே தலைகீழானது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மக்மானின் மகள் ஸ்டெஃபனியை மணந்தார். பிறகு நிர்வாகத் துணைத்தலைவர், 2022 ஜூலையிலிருந்து படைப்புப் பிரிவின் தலைவர். என்.எக்ஸ்.டி. என்ற பயிற்சிப் பிரிவை வளர்த்து, தன் காலத்தில் வாய்ப்பே கிடைத்திருக்காத பலரை மேலே கொண்டுவந்தவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதரின் வரலாறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

தில்லி, 2017

இந்திய வாசகருக்கு இக்கேள்வி மிக நெருங்கி வருவது ஜிந்தர் மகாலிடம். கனடாவின் கால்கரியில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த அவர், இயற்பெயர் யுவராஜ் சிங் தேசி, அங்கே ஸ்டாம்பீட் மல்யுத்தத்தில் பெயர்பெற்ற காமா சிங்கின் உறவினர். 2014இல் டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை வெளியே அனுப்பியது. 2016இல் திரும்பியபோது தோற்பதற்கென்றே வைத்திருந்தது. 2017 மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி அவர் சாம்பியனானார். சில வாரங்களில் இவ்வளவு உயரம் ஏறியதற்கு இந்தியச் சந்தையே காரணம் என்பதை அப்போது யாரும் பெரிதாக மறைக்கவில்லை.

170 நாட்கள். நவம்பர் 7 அன்று, மான்செஸ்டரில், ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போனது. நவம்பர் 19 அன்று மகால் பிராக் லெஸ்னருடன் மோத வேண்டியிருந்த இடத்தில் ஸ்டைல்ஸ் நின்றார். தில்லி இந்திரா காந்தி அரங்கின் நிகழ்ச்சிக்கு அப்போது ஒரு மாதமே இருந்தது. முதலில் இரு நாள் என்று அறிவித்தது ஒரு நாளாகச் சுருங்கி, டிசம்பர் 9 அன்று மகாலின் எதிராளியாக ட்ரிபிள் எச் வந்தார். எந்த நாட்டுக்காக மகால் சாம்பியனாக்கப்பட்டாரோ அந்த நாட்டின் தலைநகரில், நிறுவனத்தின் உயரதிகாரியும் முதலாளியின் மருமகனுமான 48 வயதுக்காரர் அவரைத் தோற்கடித்தார். பின்பு இருவரும் சேர்ந்து பாங்ரா ஆடினார்கள்.

நிறுவனத்தின் தரப்பிலும் வாதம் உண்டு. இந்திய ரசிகர்கள் பத்தாண்டுகளாகப் பார்த்து வளர்ந்த முகம் ட்ரிபிள் எச். மகால் கதையில் எதிர்நாயகன். நுழைவுச் சீட்டு விற்கப் பழைய பெயர் தேவை. ட்ரிபிள் எச் வந்ததை இந்த வாதம் விளக்குகிறது. அவர் ஜெயித்ததை விளக்கவில்லை. கூட்டம் சீட்டு வாங்கி உள்ளே வந்தாயிற்று; தோற்பதால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை; ஜெயிப்பதால் மகாலுக்குக் கிடைத்திருக்கக்கூடியது பெரிது. தெஸ் பம்பாயில் கொடுத்ததை ட்ரிபிள் எச் தில்லியில் கொடுக்கவில்லை. தாரா சிங்குக்கு இருந்த தனிச் சந்தையும் சினிமாவும் மகாலுக்கு இல்லை என்பதே இரண்டு காட்சிகளுக்கும் இடையிலான வேறுபாடு.

தலிப் சிங் ராணாவான கிரேட் காலியின் பாதையும் இதையே சொல்கிறது. 2007 ஜூலையில் அப்போதைய சாம்பியன் எட்ஜ் காயப்பட்டுப் பட்டம் காலியானதும் அவர் உலகச் சாம்பியனானார். செப்டம்பர் 16 அன்று பட்டிஸ்டாவிடம் இழந்தார். சில ஆண்டுகளில் ஆடிப் பாடிச் சிரிக்கவைக்கும் பாத்திரமாக்கப்பட்டார். 2015இல் ஜலந்தரில் அவரே சி.டபிள்யூ.இ. நிறுவனத்தைத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் ஹல்த்வானியில் வெளிநாட்டு மல்லர்கள் தாக்கி அவர் மருத்துவமனை போனதைச் செய்தி அலைவரிசைகள் மெய்ச் செய்தியாகவே பரபரத்தன. சில நாட்களில் டேராடூனில் திரும்பிவந்து பழிதீர்த்தார். பேனா கைக்கு வந்ததும் காலி எழுதியது தாரா சிங்கின் பழைய கதையையே: அந்நியர் வருவார், நம்மவர் வீழமாட்டார். ஆனால் அதே சி.டபிள்யூ.இ.யில்தான் கவிதா தேவி பயிற்சி பெற்று, 2017இல் டபிள்யூ.டபிள்யூ.இ. கோதாவில் இறங்கிய முதல் இந்தியப் பெண்ணானார். நட்சத்திரம் முதலாளியாவதன் இரு பக்கமும் ஜலந்தரில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

சங்கம் இல்லாத தொழில்

தோற்க மறுப்பதை ஆணவம் என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். டபிள்யூ.டபிள்யூ.இ. மல்லர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. வெற்றிப் பட்டியலில் இடம், விளம்பரப் படத்தில் முகம், அடுத்த ஒப்பந்தத்தின் தொகை எல்லாம் ஒரு சிலரின் முடிவு. பாதுகாப்பே இல்லாத தொழிலில் நட்சத்திரம் தன் பெயரை மட்டும் காத்துக்கொள்கிறார்.

அது மற்றவர்களின் பாதுகாப்பைப் பறித்தும் நடந்திருக்கிறது. 1986இல், இரண்டாம் ரெஸ்ல்மேனியாவை ஒட்டி, ஜெஸ்ஸி வெஞ்சுரா சக மல்லர்களிடம் சங்கம் அமைப்பதைப் பற்றிப் பேசினார். செய்தி மக்மானுக்குப் போனது. முயற்சி அதோடு நின்றது. பின்னாளில் உரிமைத்தொகை கேட்டு வெஞ்சுரா தொடுத்த வழக்கில் மக்மானிடம் பிரமாண வாக்குமூலம் எடுக்கப்பட்டபோது, தனக்கு அதைச் சொன்னவர் ஹோகன் என்று அவர் சொன்னார். அதுவரை ஹோகனை நண்பராகவே எண்ணியிருந்தவர் வெஞ்சுரா. 1994இல் நடுவர் குழு அவருக்கு எட்டு லட்சம் டாலருக்கும் மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. சங்கம் மட்டும் அமையவே இல்லை.

திரைமறைவுச் செல்வாக்கைப் பற்றிய பேச்சில் இந்த நிகழ்வுதான் மையத்தில் இருக்க வேண்டும். யார் யாருக்குத் தோற்க மறுத்தார் என்ற பட்டியல் அல்ல. 2000இல் தன் ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டி ஹோகன் பெற்ற உரிமை, எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்திருக்கக்கூடிய பேரம்பேசும் ஆற்றலின் சிறு துண்டு. ஒருவருக்கு மட்டும் கிடைத்ததால் அது சலுகையாயிற்று. அச்சலுகை இல்லாத மகால்களுக்குத் தங்கள் தலைநகரில் தோற்கமாட்டேன் என்று சொல்ல வாயில்லை.

அரங்கின் எதிர்க்குரல்

இந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டா? 2024 அதற்கு ஒரு சோதனை. ஜனவரி 1 அன்று ரா நிகழ்ச்சியில் மகால் கோதாவில் பேசிக்கொண்டிருக்கையில் ராக் என்ற டுவெய்ன் ஜான்சன் திரும்பிவந்து அவரை அடித்து வீழ்த்தினார். ஜனவரி 23 அன்று அதே ஜான்சன், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் தாய் நிறுவனமான டி.கே.ஓ.வின் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். ராக் என்ற பெயரின் உரிமையும் அவருக்கு வந்தது. பிப்ரவரி 2 அன்று, ரோமன் ரெய்ன்ஸுக்கு எதிரான ரெஸ்ல்மேனியா வாய்ப்பை வென்றிருந்த கோடி ரோட்ஸ், அந்த இடத்தை ராக்குக்கு விட்டுக்கொடுப்பதுபோல் காட்சி எழுதப்பட்டது.

ரசிகர்கள் கொந்தளித்தார்கள். எங்களுக்குக் கோடிதான் வேண்டும் என்ற கூச்சல் சமூக ஊடகத்திலும் அரங்கிலும் நிறைந்தது. ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 8 அன்று லாஸ் வேகாஸில், கதை திருப்பப்பட்டது. ராக் அந்த வெறுப்பையே தன் பாத்திரமாக்கிக்கொண்டார். ஏப்ரல் 7 அன்று பிலடெல்பியாவில் ரோட்ஸ் பட்டம் வென்றார். இயக்குநர் நாற்காலியைவிட அரங்கு வலியது என்று இதைப் படிப்போர் உண்டு. அந்த அரங்கு எது என்றும் பார்க்க வேண்டும்: வாரந்தோறும் நிகழ்ச்சி நடக்கும் அமெரிக்க நகரங்களின் அரங்கு, நிறுவனத்தின் காதுக்கு அருகில் உள்ள அரங்கு. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு நாள் நிகழ்ச்சி காணும் தில்லிக்கும் ஹைதராபாத்துக்கும், திரை வழியே மட்டும் பார்க்கும் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் அந்த வழி திறக்கவில்லை. 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத்தில் கடைசிச் சண்டை ஜான் சீனாவுக்கும் சேத் ராலின்ஸுக்குமே ஒதுக்கப்பட்டது. கூட்டமும் சீனாவையே கேட்டுக் குரல் கொடுத்தது. இந்திய ரசிகரின் அன்பும் இந்திய மல்லரின் வாய்ப்பும் ஒன்றோடொன்று சேராமலே இருக்கின்றன.

ரோட்ஸ் பட்டம் வென்ற பன்னிரண்டாம் நாள், 2024 ஏப்ரல் 19 அன்று, ஜிந்தர் மகாலின் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. அவருடன் இந்திய அணியாக நின்ற வீர் மகானும் சங்காவும் அதே மாதத்தில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஏப்ரலில் ட்ரிபிள் எச் படைப்புப் பிரிவின் தலைவராகவும், ராக் இயக்குநர் குழுவிலும் இருந்தார்கள்.